ஜேம்ஸ் மார்ஷல்

ஜேம்ஸ் வில்சன் மார்ஷல் (அக்டோபர் 8, 1810 - ஆகஸ்ட் 10, 1885) ஓர் அமெரிக்கத் தச்சர், தன்னார்வப் படைவீரர், தங்கம் தேடியவர். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவில் கொலோமா என்னும் இடத்தில், தாம் கட்டிக்கொண்டிருந்த மர அறுவை ஆலையின் வாய்க்காலில் இவர் தங்கத் துணுக்குகளைக் கண்டெடுத்தார். இந்த நிகழ்வே கலிபோர்னியத் தங்க வேட்டைக்குத் தொடக்கமாக அமைந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் 1850களின் நடுப்பகுதிக்குள் கலிபோர்னியாவிற்கு வந்து சேர்ந்தனர். ஆனால் தங்கத்தைக் கண்டெடுத்த மார்ஷலுக்கு அந்தத் தங்கத்தின் மீதோ அது கிடைத்த நிலத்தின் மீதோ சட்டப்படியான உரிமை எதுவும் கிடைக்கவில்லை. இறுதிவரை தங்கம் தேடியும் பலனின்றி வறுமையிலேயே அவர் காலமானார்.

இளமைக் காலம்

மார்ஷல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோப்வெல் என்னும் ஊரகப் பகுதியில் பிறந்தார். பெற்றோர் பிலிப் மார்ஷல், சாரா வில்சன். நான்கு பிள்ளைகளுள் இவரே மூத்தவர். தந்தை வண்டிகள் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். அத்தொழிலைப் பார்த்து வளர்ந்த மார்ஷல் மரவேலையிலும் சக்கரம், கருவிகள் செய்வதிலும் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் அவரைக் கொலோமாவிற்குக் கொண்டு சென்றதும் இந்தக் கைத்திறனே ஆகும்.

1834 ஆம் ஆண்டில் அவர் நியூ ஜெர்சியை விட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார். இந்தியானா, இல்லினாய் ஆகிய மாநிலங்களில் சில காலம் தங்கிய பின்னர் மிசூரி மாநிலத்தில் குடியேறி வேளாண்மை செய்தார். ஆற்றங்கரைப் பகுதியான அங்கு அவருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. இடம் மாறினால் உடல் தேறும் என்று மருத்துவர் கூறவே, 1844 இல் மேற்கே சென்ற ஒரு வண்டிக் குழுவுடன் இணைந்து ஒரிகன் பகுதியை அடைந்தார். அங்கிருந்து 1845 ஜூன் மாதம் தெற்கு நோக்கிப் பயணம் செய்து, ஜூலையில் கலிபோர்னியாவின் சட்டர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

சட்டர் கோட்டையில்

அப்போது கலிபோர்னியா மெக்சிகோ நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. சுவிட்சர்லாந்துப் பின்னணி கொண்ட ஜான் சட்டர் என்பவர் மெக்சிகோ ஆளுநரிடமிருந்து பதினொரு லீக் பரப்புள்ள நிலத்தை மானியமாகப் பெற்று, இன்றைய சாக்ரமெண்டோ நகரம் அமைந்துள்ள இடத்தில் ஒரு கோட்டையும் பண்ணையும் நடத்தி வந்தார். கோதுமைப் பயிர், கால்நடை, தோல் பதனிடுதல் எனப் பல தொழில்கள் அங்கு நடந்தன. அவற்றில் பெரும்பாலும் அமெரிக்கப் பழங்குடியினரே உழைத்தனர்.

சட்டர் மார்ஷலைத் தச்சராக வேலைக்கு அமர்த்தினார். ஏர், நூற்புக் கருவி, சக்கரம், கட்டில், நாற்காலி என மரத்தால் ஆக வேண்டிய எதையும் செய்து கொடுப்பது மார்ஷலின் வேலை. சிறிது காலத்தில் பியூட் கிரீக் என்னும் ஓடையின் வடகரையில் இரண்டு லீக் (ஏறத்தாழ 8,800 ஏக்கர்) நிலத்தையும் சில கால்நடைகளையும் அவர் வாங்கினார்.

தன்னார்வப் படையில்

1846 மே மாதம் ஐக்கிய அமெரிக்காவிற்கும் மெக்சிகோவிற்கும் இடையே போர் தொடங்கியது. அச்செய்தி கலிபோர்னியாவை எட்டும் முன்பே, ஜூன் 14 அன்று அமெரிக்கக் குடியேறிகள் சிலர் சொனோமா என்னும் ஊரைக் கைப்பற்றிக் கரடிச் சின்னம் பொறித்த கொடியை ஏற்றினர். இது 'கரடிக் கொடிக் கிளர்ச்சி' எனப்படுகிறது. கிளர்ச்சியாளர்களையும் தம்முடன் வந்தவர்களையும் சேர்த்து, ஜான் சி. பிரெமாண்ட் என்னும் அமெரிக்கப் படை அலுவலர் ஜூலை மாதத்தில் 'கலிபோர்னியா பட்டாலியன்' என்ற தன்னார்வப் படையை அமைத்தார்.

மார்ஷல் இப்படையில் சேர்ந்து பணியாற்றினார். இதில் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற முறையான போர்வீரர்கள் அல்லர். உழவர்கள், வேட்டைக்காரர்கள், கைவினைஞர்கள் முதலியோர் தம் துப்பாக்கியுடனும் குதிரையுடனும் வந்து சேர்ந்தவர்கள். 1847 ஜனவரி 13 அன்று கையெழுத்தான காவெங்கா உடன்படிக்கையுடன் கலிபோர்னியாவில் சண்டை ஓய்ந்தது. இப்படையின் செலவுகளும் ஊதியக் கோரிக்கைகளும் உடனே தீர்க்கப்படவில்லை. 1848 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவை விசாரிக்கப்பட்டன.

போரிலிருந்து திரும்பிய மார்ஷல், தம் கால்நடைகள் காணாமற் போயிருப்பதைக் கண்டார். அவை வழிதவறியோ களவு போயோ இருந்தன. வருமானத்திற்கு வேறு வழியில்லாததால் நிலமும் கைவிட்டுப் போயிற்று. அவர் மீண்டும் சட்டரிடம் சென்றார்.

கொலோமா அறுவை ஆலை

சட்டருக்குப் பலகைகள் தேவைப்பட்டன. கோட்டையைச் சுற்றிலும் சமவெளியாதலால் பெரிய மரங்கள் கிடைக்கவில்லை. எனவே மலையடிவாரத்தில் ஒரு மர அறுவை ஆலை அமைக்க 1847 ஆகஸ்டில் இருவரும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டனர். முதலீடு சட்டருடையது, இடம் தேர்வு செய்வதும் கட்டுமானமும் நிர்வாகமும் மார்ஷலின் பொறுப்பு. அறுக்கப்படும் மரத்தில் ஒரு பங்கு மார்ஷலுக்கு உரியது.

அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில், கோட்டையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கை மார்ஷல் தேர்ந்தெடுத்தார். அது நிசெனன் என்னும் பழங்குடியினர் வாழ்ந்த இடம். கொலோமா என்ற பெயரும் அவர்களது மொழியிலிருந்து வந்ததே. இந்த இடம் சட்டரின் மானிய நிலத்துக்கு வெளியே இருந்தது என்பது பின்னர் முக்கியத்துவம் பெற்றது.

கட்டுமானத்தில் நிசெனன் மக்களும் 'மோர்மன் பட்டாலியன்' படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களும் வேலை செய்தனர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 500 பேர் கொண்ட இப்படை, 1846-47 இல் அயோவாவிலிருந்து சான் டியேகோ வரை நடந்தே வந்து 1847 ஜூலையில் கலைக்கப்பட்டது. ஊர் திரும்பும் வழியில் கூலி வேலை தேடியவர்களில் ஹென்றி பிக்லர், அசரையா ஸ்மித், ஜேம்ஸ் பிரவுன் ஆகியோர் மார்ஷலிடம் சேர்ந்தனர். பீட்டர் விம்மர் என்பவர் மார்ஷலுக்கு உதவியாளராகவும், அவர் மனைவி ஜென்னி விம்மர் சமையல் பொறுப்பிலும் இருந்தனர்.

தங்கம் கண்டெடுக்கப்படல்

ஆலை நீரின் விசையால் இயங்கும் வகையில் அமைக்கப்பட்டது. ஆற்றிலிருந்து திருப்பப்பட்ட நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிய பின், ஆலையின் கீழ்ப்புறத்தில் வெட்டப்பட்ட வெளியேற்று வாய்க்கால் வழியாக மீண்டும் ஆற்றைச் சேரும். இந்த வாய்க்கால் போதிய ஆழம் இல்லாதிருந்தது. அதனால் நீர் தேங்கிச் சக்கரத்தின் அடிப்பகுதியைத் தடுத்தது. இக்குறையை நீக்க மார்ஷல் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். பகலில் பணியாளர்கள் வாய்க்காலின் தரையைக் கொத்தித் தளர்த்துவர். இரவில் மதகைத் திறந்துவிட்டால் பாயும் நீர் அந்த மண்ணை அடித்துச் செல்லும்.

தங்கத்தை மணலிலிருந்து அரித்துப் பிரிப்பதும் இதே தத்துவத்தின் அடிப்படையில்தான். சாதாரண மணலும் குவார்ட்ஸ் கற்களும் நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தி கொண்டவை. தூய தங்கத்தின் அடர்த்தியோ நீரைப்போல் 19.3 மடங்கு. ஓடும் நீர் இலேசான மண்ணை அடித்துச் செல்லும்போது கனமான தங்கம் பள்ளங்களில் தங்கிவிடும். ஆலைக்காக வெட்டப்பட்ட வாய்க்கால், எவரும் திட்டமிடாமலேயே, இரவுதோறும் தங்கத்தை அரித்துக் கொடுத்தது.

1848 ஜனவரி 24 காலையில் வாய்க்காலைப் பார்வையிடச் சென்ற மார்ஷல், நீரடியில் மின்னும் சில துணுக்குகளைக் கண்டு எடுத்தார்.

சோதனைகள்

தங்கம் போலவே மின்னும் இரும்புப் பைரைட்டு என்னும் கனிமம் அனுபவமில்லாதவர்களை எளிதில் ஏமாற்றக் கூடியது. எனவே கிடைத்த உலோகம் பலவிதமாகச் சோதிக்கப்பட்டது.

முதலில் மார்ஷல் ஒரு துணுக்கைக் கல்லின் மீது வைத்து அடித்துப் பார்த்தார். பைரைட்டு உடையும் தன்மையது, அடித்தால் நொறுங்கிவிடும். தங்கம் தகடாகும் தன்மையது. துணுக்கு நொறுங்காமல் தட்டையானது. அடுத்ததாக ஜென்னி விம்மர் சவுக்காரம் காய்ச்சிய கொப்பரையில் ஒரு துண்டைப் போட்டுக் காரநீரில் கொதிக்க வைத்தார். அது நிறம் மாறாமல் அப்படியே இருந்தது.

நான்கு நாட்களுக்குப் பின் மார்ஷல் மழையில் நனைந்தபடி சட்டர் கோட்டைக்குச் சென்று, சட்டரைத் தனியே சந்தித்தார். இருவரும் கலைக்களஞ்சியம் ஒன்றில் தங்கத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்து, அதில் கண்டபடி நைட்ரிக் அமிலத்தில் இட்டும், தராசில் வெள்ளியுடன் வைத்து நீரில் அமிழ்த்தியும் பார்த்தனர். அமிலம் அதைத் தாக்கவில்லை. அடர்த்தியும் பொருந்தி வந்தது. அது உயர்ந்த மாற்றுள்ள தங்கம், குறைந்தது 23 காரட் என்ற முடிவுக்குச் சட்டர் வந்தார். ஆலை முடியும் வரை செய்தியை வெளியிடுவதில்லை என்று இருவரும் தீர்மானித்தனர்.

நாள் குறித்த கருத்து வேறுபாடு

1857 இல் வெளிவந்த தம் கட்டுரை ஒன்றில் தங்கம் கிடைத்த நாள் ஏறத்தாழ ஜனவரி 19 என்று மார்ஷல் குறிப்பிட்டிருந்தார். அவரிடம் எழுத்துப் பதிவு எதுவும் இல்லை. ஆனால் ஹென்றி பிக்லர் அன்றாடம் நாட்குறிப்பு எழுதி வந்தவர். வாய்க்காலில் தங்கம் போன்ற உலோகம் கிடைத்ததை அவர் ஜனவரி 24 ஆம் தேதியில் பதிவு செய்திருந்தார். அசரையா ஸ்மித்தும் நாட்குறிப்பு வைத்திருந்தார். இவற்றின் அடிப்படையில் ஜனவரி 24 என்ற நாளே இன்று ஏற்கப்பட்டுள்ளது. 1898 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பொன்விழாவில் பிக்லர், ஸ்மித் உள்ளிட்ட அப்போது உயிருடன் இருந்த பழைய பணியாளர் நால்வர் கலந்துகொண்டனர்.

கலிபோர்னியாவில் தங்கத்தை முதன்முதலில் கண்டவர் மார்ஷல் அல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1842 இல் தெற்குக் கலிபோர்னியாவின் பிளசெரிட்டா பள்ளத்தாக்கில் பிரான்சிஸ்கோ லோப்பஸ் என்பவர் தங்கம் கண்டிருந்தார். எனினும் உலகளாவிய குடிபெயர்வுக்கு வழிவகுத்தது மார்ஷலின் கண்டுபிடிப்பே.

உரிமைச் சிக்கல்

தங்கம் கிடைத்த நேரத்தில் கொலோமா யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. 1848 பிப்ரவரி 2 அன்று, அதாவது ஒன்பது நாட்கள் கழித்து, குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கையின்படி கலிபோர்னியாவை மெக்சிகோ அமெரிக்காவிற்கு விட்டுக்கொடுத்தது. அதில் கையெழுத்திட்டவர்களுக்குக் கொலோமாவில் நடந்தது தெரியாது. உடன்படிக்கை உறுதி செய்யப்பட்ட செய்தி ஆகஸ்டில்தான் கலிபோர்னியாவை எட்டியது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கப் படை ஆளுநர் கர்னல் ரிச்சர்ட் மேசனே ஆட்சிப் பொறுப்பில் இருந்தார்.

மார்ஷலுக்கும் சட்டருக்கும் மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் அடைபட்டன.

முதலாவது, நிலத்தில் வாழ்ந்தவர்களிடமிருந்து உரிமை பெறுதல். சட்டர் அப்பகுதிப் பழங்குடியினரிடம் குத்தகை ஒப்பந்தம் ஒன்றைச் செய்து, அதை உறுதிப்படுத்தக் கோரி மாண்டெரேயில் இருந்த மேசனுக்கு ஆளனுப்பினார். நிலத்தைக் குத்தகைக்கு விடவோ விற்கவோ பழங்குடியினருக்கு உள்ள உரிமையை அமெரிக்க அரசு ஏற்பதில்லை என்று கூறி மேசன் மறுத்துவிட்டார்.

இரண்டாவது, மெக்சிகோவின் சுரங்கச் சட்டம். அதன்படி கனிமத்தைக் கண்டுபிடித்தவர் அதிகாரிகளிடம் முறைப்படி அறிவித்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைத் தோண்டும் உரிமையைப் பெறலாம். ஆனால் 1848 பிப்ரவரி 12 அன்று, தங்கம் கிடைத்துப் பத்தொன்பது நாட்களே ஆன நிலையில், இந்த நடைமுறை கலிபோர்னியாவில் இனிச் செல்லாது என்று மேசன் ஓர் ஆணை பிறப்பித்தார்.

மூன்றாவது, அமெரிக்கச் சட்டம். பொதுநிலத்தில் உள்ள கனிமங்களைத் தனியார் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் கூட்டரசுச் சட்டம் 1866 இல்தான் முதன்முதலாக வந்தது. அதுவரை தங்கம் தேடுவோர் தாங்களே வகுத்துக்கொண்ட உள்ளூர் விதிகளே நடைமுறையில் இருந்தன. அவற்றின்படி ஒருவர் தாம் நேரடியாகத் தோண்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டு நிலத்திற்கு மட்டுமே உரிமை கோர முடியும்.

செய்தி பரவுதல்

ஆலைப் பணியாளர்களும் சட்டரின் ஆட்களும் பேசத் தொடங்கியதால் செய்தி மெல்லக் கசிந்தது. 1848 மார்ச் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவின் 'கலிபோர்னியன்' இதழ் இதைச் சிறு செய்தியாக வெளியிட்டது. மே மாதத்தில் வணிகர் சாமுவேல் பிரான்னன் தங்கத்தூள் நிறைந்த குப்பியைக் கையில் ஏந்தி நகரத் தெருக்களில் முழக்கமிட்ட பின்னரே மக்கள் பெருமளவில் கிளம்பினர். அதற்கு முன்பே அவர் தம் கடையில் தோண்டும் கருவிகளை வாங்கிக் குவித்திருந்தார். மே, ஜூன் மாதங்களில் நகரின் இரு செய்தித்தாள்களும் ஆளில்லாமல் நின்றுபோயின.

1848 ஜூலையில் மேசனே கொலோமாவிற்கு வந்து பார்வையிட்டார். அவருடன் வந்த இளம் அலுவலர் வில்லியம் டெக்கும்சே ஷெர்மன், பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற தளபதி ஆனார். மேசனின் அறிக்கையும் அதனுடன் அனுப்பப்பட்ட தங்கமும் வாஷிங்டனை அடைந்தன. டிசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போல்க் செய்தியை உறுதிப்படுத்தினார். 1848 இல் ஆயிரத்தை எட்டாதிருந்த சான் பிரான்சிஸ்கோவின் மக்கள்தொகை 1850 அளவில் ஏறத்தாழ 25,000 ஆக உயர்ந்தது. 1850 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியா மாநிலத் தகுதி பெற்றது.

நிசெனன் மக்களின் நிலை

மார்ஷலின் ஆலையில் முதலில் வேலை செய்தவர்களுள் நிசெனன் மக்களும் அடங்குவர். தங்க வேட்டை அவர்களுக்குப் பேரழிவாக முடிந்தது. 1849 வசந்த காலத்தில் ஒரிகனிலிருந்து வந்த சிலருக்கும் பழங்குடியினருக்கும் இடையே எழுந்த மோதலில் இரு தரப்பிலும் உயிரிழப்பு ஏற்பட்டது. பழிவாங்கப் புறப்பட்ட கும்பல், தாக்குதலில் தொடர்பில்லாதவர்களையும் பிடித்துக் கொலோமாவிற்குக் கொண்டுவந்து கொன்றது. அவர்களுள் மார்ஷலின் பணியாளர்களும் இருந்தனர். தடுக்க முயன்ற மார்ஷல் மிரட்டப்பட்டு, அவரே கட்டிய ஊரிலிருந்து சில காலம் வெளியேற நேர்ந்தது.

நோய், பசி, படுகொலை ஆகியவற்றால் கலிபோர்னியப் பழங்குடியினரின் எண்ணிக்கை 1840களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்து, 1870 அளவில் ஏறத்தாழ 30,000 ஆகக் குறைந்தது என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

பிற்கால வாழ்க்கை

ஆலை 1848 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. ஆனால் வேலையாட்கள் தங்கம் தேடச் சென்றுவிட்டதால் அது நிலைக்கவில்லை. வந்து குவிந்தவர்கள் ஆலையைச் சுற்றியிருந்த நிலத்தை ஆக்கிரமித்துத் தோண்டினர். மார்ஷலிடம் பட்டா இல்லாததால் அவர்களை வெளியேற்ற இயலவில்லை. தங்கம் எங்கே இருக்கிறது என்று அறியும் அபூர்வ ஆற்றல் அவருக்கு உண்டு என்று பலர் நம்பினர். அவர் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்தனர். இடத்தைக் காட்டும்படி அச்சுறுத்தியவர்களும் உண்டு. இதனால் அவர் பல ஆண்டுகள் இடம் மாறி இடம் மாறித் தனியே தங்கம் தேடி அலைந்தார்.

அதற்குள் தொழிலின் தன்மையும் மாறிவிட்டது. மேற்பரப்பு மணலில் தட்டால் அரித்தே எடுக்கக்கூடிய தங்கம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோயிற்று. ஆண்டு உற்பத்தி 1852 இல் ஏறத்தாழ 8.1 கோடி டாலர் மதிப்புடன் உச்சத்தை எட்டிப் பின் சரிந்தது. மலைகளைப் பீய்ச்சு நீரால் கரைக்கவும் பாறைகளைக் குடைந்து அரைக்கவும் பெரும் முதலீடு தேவைப்பட்டது. கைத்தொழிலாளர் ஒருவர் தனித்து நிற்க முடியாத நிலை ஏற்பட்டது.

1857 இல் மார்ஷல் கொலோமாவிற்குத் திரும்பினார். அங்குத் திராட்சைத் தோட்டம் அமைத்து 1860களில் ஓரளவு வெற்றியும் பெற்றார். வரி உயர்வாலும் போட்டியாலும் அப்பத்தாண்டின் இறுதியில் தோட்டம் நட்டமடைந்தது. பின்னர் அருகிலுள்ள கெல்சி என்னும் ஊரில் ஒரு தங்கச் சுரங்கத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். அச்சுரங்கத்தில் எதுவும் கிடைக்கவில்லை. இருந்த பணமும் கரைந்தது. 1870 இல் ஜார்ஜ் பிரெடெரிக் பார்சன்ஸ் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. தாம் கையெழுத்திட்ட அட்டைகளை விற்றும் அவர் சிறிது பொருளீட்டினார்.

1872 இல் கலிபோர்னிய மாநிலச் சட்டமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 200 டாலர் உதவித்தொகை வழங்கியது. 1874, 1876 ஆகிய ஆண்டுகளில் அது மாதம் 100 டாலராகக் குறைக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டது. 1878 இல் நீட்டிக்கப்படவில்லை. அவரது குடிப்பழக்கம் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எஞ்சிய நாட்களைக் கெல்சியில் ஒரு சிறு குடிலில் கழித்தார். அங்கே கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார்.

மார்ஷலின் கூட்டாளியான சட்டரும் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, இழப்பீடு கோரி அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு மனுக்கள் அளித்தபடியே 1880 இல் வாஷிங்டனில் காலமானார். கருவிகள் விற்றுச் செல்வந்தரான பிரான்னனும் பின்னர் அனைத்தையும் இழந்து 1889 இல் வறுமையில் இறந்தார்.

இறப்பும் நினைவுச் சின்னங்களும்

மார்ஷல் 1885 ஆகஸ்ட் 10 அன்று தம் 74 ஆம் வயதில் கெல்சியில் இறந்தார். அவரது உடல் கொலோமாவிற்குக் கொண்டு செல்லப்பட்டு, தங்கம் கிடைத்த இடத்தைப் பார்த்தவாறு அமைந்த குன்றின் மீது அடக்கம் செய்யப்பட்டது. உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் முயற்சியால் மாநில அரசு நிதி ஒதுக்கி, 1890 மே மாதம் அக்கல்லறை மீது நினைவுச் சின்னம் எழுப்பியது. அதன் உச்சியில் உள்ள சிலை, தங்கம் கண்டெடுக்கப்பட்ட இடத்தை விரலால் சுட்டிக்காட்டும் வகையில் அமைந்துள்ளது. சிலை நின்ற காலத்தில் அவரது உதவித்தொகை நின்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய ஆலை 1850களில் கைவிடப்பட்டுப் பின் வெள்ளத்தில் அழிந்தது. இன்று அப்பகுதி 'மார்ஷல் தங்கக் கண்டுபிடிப்பு மாநில வரலாற்றுப் பூங்கா' எனப் பாதுகாக்கப்படுகிறது. ஆலையின் மாதிரி ஒன்றும் அங்கு அமைக்கப்பட்டுள்ளது. கெல்சியில் இருந்த அவரது கொல்லுப்பட்டறை கலிபோர்னிய வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்று. 1848 இல் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்ட, மார்ஷல் முதலில் கண்டெடுத்ததாகக் கருதப்படும் மெல்லிய தங்கத் துணுக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜென்னி விம்மர் காரநீரில் சோதித்ததாகக் கூறப்படும் தங்கக் கட்டி, பெர்க்லியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.